ஹோல்ட் அவுட் என்றால் தாக்குப்பிடிப்பது

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத்தில் ஏழெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். தொண்ணூற்றாறு கடைசியில் சேர்ந்தது. அங்கே அதிகமாகக் காதில் விழுந்த இங்கிலீஷ் வார்த்தை ‘ஹலோ’ என்றுதான் நினைப்பீர்கள். இல்லை, ‘ஹோல்ட்’. ஏலக்காய் வியாபாரி கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ‘ஹோல்ட் பண்ணு, ஹோல்ட் பண்ணு’ என்று போடிக்குக் கத்தினால், விலை ஏறுகிறவரை சரக்கை விடாதே என்று அர்த்தம். திராட்சை ஏற்றுகிறவர் அதையே கத்தினால் லாரியை எடுக்காதே என்று அர்த்தம். நான் சொன்னால் ரிசீவரை வைக்காமல் காத்திருங்கள் என்று அர்த்தம். சுற்றுத் தெருக்களில் பாதிப் பேர் எங்கள் பூத் நம்பரைத்தான் வெளியூர்ச் சொந்தங்களுக்குக் கொடுத்து வைத்திருந்தார்கள். அதற்குப் பி.பி. நம்பர் என்று பெயர். பக்கத்து ஆளுக்கு அழைப்பு வந்தால் ‘ஹோல்ட்’ என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்க் கூட்டி வருவேன். தூரத்து ஆள் என்றால் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடச் சொல்லிவிடுவேன்.

அந்தச் சமயத்தில் நான் தபாலில் பி.ஏ. இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தேன். கைடில் ஒரே வினைச்சொல்லை எடுத்து, அதற்கு வால் வைத்ததுபோல் ஒவ்வொரு குட்டி வார்த்தையாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அர்த்தம் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருப்பார்கள். ஹோல்ட் ஆன் என்றால் காத்திரு. ஹோல்ட் பேக் என்றால் உள்ளே வைத்துக்கொண்டு சொல்லாமல் இரு. ஹோல்ட் அப் என்றால் தாமதமாக்கு. அதுவே சில இடங்களில் வழிப்பறி. ஹோல்ட் குட் என்றால் செல்லுபடியாகும். படிக்கப் படிக்க எரிச்சலாக வரும். உலகத்தையே ஆண்டவர்களுக்கு அர்த்தத்துக்கு ஒரு வினைச்சொல்லாவது கிடைக்காமலா போயிற்று என்று கைடைத் தூக்கி மேஜையில் போடுவேன்.

போட்டதை எடுத்து வைத்துப் புரட்டுவது என் அக்கா. என்னைவிட நாலு வயசு மூத்தவள். பத்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். ஆண்டிபட்டியில் கட்டிக்கொடுத்திருந்தது. சின்ன வயசில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது போய் இருதயத்தில் உட்கார்ந்துகொண்டது. வால்வு சுருங்கியிருக்கிறது, பிள்ளை பெறுவது ஆபத்து என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. மச்சான் நல்லவர், வேறு யோசனை எதற்கும் போகவில்லை. தேனிக்கு மாதாமாதம் ஊசி போட வருவாள். ஊசி முடிந்ததும் ஆண்டிபட்டிக்குத் திரும்பாமல் அப்படியே பஸ் ஏறிச் சின்னமனூர் வந்து என் பூத்தில் உட்கார்ந்துகொள்வாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிற தம்பியோடு போனில் பேச வேண்டும் என்பது காரணம். அவன் அழைப்பு வருகிறவரை பொழுது போக வேண்டுமே, அதற்கு என் கைடு.

அவள் கேட்கிற கேள்விகளுக்குக் கைடு எழுதியவரே பதில் சொல்ல முடியாது. ஒரு பேச்சு நியாயமாக நிற்கிறதா என்பதற்கு ‘அது தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறதா’ என்று இங்கிலீஷில் கேட்பார்கள் என்று ஒருநாள் சொன்னேன். எங்கள் ஆண்டிபட்டியில் குடத்துக்கே தண்ணீர் பிடிக்க வழியில்லை, இவர்களுக்குப் பேச்சுக்கு வேறு பிடிக்க வேண்டுமாக்கும் என்றாள். நாக்கைப் பிடித்துக்கொள் என்றால் வாயை மூடு என்று அர்த்தம் என்றேன். சொல்லிக் காட்டுவதுபோல் இரண்டு விரலால் நாக்கைப் பிடித்துக்கொண்டு ‘இப்பிடியா’ என்று கேட்டாள். கூண்டுக்குள் பேசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நம்முடைய ‘பிடி’ மட்டும் என்ன குறைந்தது என்பது அவள் கட்சி. பஸ்ஸைப் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, அடம் பிடிக்கிறான், மழை பிடித்துக்கொண்டது, பார்த்ததும் பிடித்துப்போயிற்று. இங்கிலீஷ்காரன் இதைப் படிக்க வந்தால் அவனும் கைடைத் தூக்கி எறிவான் என்றாள்.

ஹோல்ட் அவுட் என்று ஒன்று உண்டு. சாமான் தீர்ந்துகொண்டே வரும்போதும், எதிரி சுற்றி நிற்கும்போதும், விட்டுக்கொடுக்காமல் இருக்கிறவரை இருப்பது. தமிழில் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா யோசிக்கவே இல்லை.

“தாக்குப்புடிக்கிறதுடி. அதுக்கு எதுக்குக் கைடு? என்னையப் பாரு.”

அதைச் சொல்லும்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பூத்துக்கு முன்னால் இருக்கிற படி ஏறி வந்ததற்கே அவ்வளவு மூச்சு.

இனிச் சொல்லப்போவதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் சாவைப் போனில் சொல்லமாட்டார்கள். ‘லேசா முடியல, வந்து பாத்துட்டுப் போ’ என்பார்கள். ‘உன்னையக் கேக்குறாக’ என்பார்கள். ஆள் செத்து, பந்தல் போட்டு, கொட்டு வந்து இறங்கியிருக்கும். இங்கே பூத்தில் பங்காளி ஒருவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ பதறாம வா’ என்று போனில் சொல்லிக்கொண்டிருப்பார். தனியாக பஸ்ஸில் வருகிறவனுக்கு வழியில் ஏதாவது ஆகிவிடக் கூடாது என்கிற நல்லெண்ணம்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கம் கேட்கிறவனும் இந்த ஊர்க்காரன்தானே. அவனுக்கும் தெரியும். ‘உயிர் இருக்கா’ என்று வாய்விட்டுக் கேட்பது கெட்ட சொல் என்பதால் கேட்கமாட்டான். ‘சரி வாரேன்’ என்று ரிசீவரை வைத்துவிட்டு அழ ஆரம்பிப்பான். இரண்டு பக்கமும் தெரியும், இரண்டு பக்கமும் சொல்லாது. கைடில் ஹோல்ட் பேக் என்பதற்குப் போட்டிருந்த உதாரணத்தைவிட எங்கள் ஊரே நல்ல உதாரணம்.

எங்கள் அம்மா செத்தபோதும் அப்படித்தான் நடந்தது. தம்பி அப்போது சின்னப் பையன். தேவதானப்பட்டியில் சித்தி வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்குக் காய்ச்சல், பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் சித்தப்பா அவனைக் கூட்டி வந்தார். காய்ச்சல் என்றால் வெறுங்கையோடு போகக் கூடாது என்று யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெரியகுளத்தில் பஸ் நின்றபோது ஆரஞ்சு வேண்டும் என்று அழுது அடம் பிடித்து வாங்கிக்கொண்டானாம். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருமுக்கில் திரும்பியவன், எங்கள் வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்தான். அந்த முகத்தை நான் பார்த்தேன். ஓடிப்போய்த் தூக்கியது அக்காதான். ஆரஞ்சை யாரும் அவன் கையிலிருந்து வாங்க முடியவில்லை. கடைசியில் அம்மா தலைமாட்டில் அவனே வைத்தான்.

அதற்குப் பிறகு அவன் தேவதானப்பட்டிக்குத் திரும்பிப் போகவில்லை. அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். சொல்லுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே பிடித்துக்கொண்டான். அவள் சமைக்கும்போதும் குழாயடிக்குப் போகும்போதும் அவன் கையில் அவள் முந்தானை இருக்கும். பள்ளிக்கூட வாசலில் அதை அவன் கையிலிருந்து பிரிப்பதற்குள் பெல் அடித்துவிடும். அக்காவின் சேலைகளில் ஒரு ஓரம் மட்டும் எப்போதும் கசங்கிக் கிடக்கும். வளர்ந்து மீசை வந்த பிறகும் அதைச் சொல்லி அவனைக் கேலி செய்வோம்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்குக் கால் வீங்கி, வயிறு வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதுகுக்குத் தலையணை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினாள். பார்க்க வேண்டியவர்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா மச்சானை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். மச்சான் அதை என்னிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. அவளே கேட்டாள், தம்பி வருகிறானா என்று.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பூத்துக்குப் போனேன். எத்தனையோ பேருக்கு நம்பர் போட்டுக்கொடுத்த விரல், அன்றைக்கு இரண்டு தடவை தப்பாக அமுக்கிற்று. தம்பி அறைக்குப் பக்கத்து மளிகைக்கடை நம்பர் அது. கடைக்காரர் ஹோல்ட் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் வந்து ஹலோ என்றதும், அக்காவுக்கு முடியவில்லை, உடனே கிளம்பி வா என்றேன். அவன் ரொம்ப மெதுவாக, ‘எப்ப?’ என்று கேட்டான்.

உயிர் எப்போது போயிற்று என்று கேட்கிறான், எனக்குத் தெரியாதா? ‘உயிர் இருக்கா’ என்று கேட்காதவர்கள்கூட இந்த ‘எப்ப’வைக் கேட்பார்கள்; கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பேன்.

“ஏலே, உசுரோடதான்டா இருக்கா. பேசுறா. உன்னையத்தான் கேக்குறா. நீ மட்டும் கெளம்பி பஸ் ஏறு.”

“சரி சின்னக்கா. நீ அழுவாத. நான் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துர்றேன்.”

எனக்கு ஆறுதல் சொல்கிறான்! எல்லாரும் எதற்குடா, நீ வாடா என்று கத்தினேன். அம்மா மேல் சத்தியமாக இருக்கிறாளடா என்றேன். ‘சரி, சரி’ என்றான். அழுகிற அக்காவைச் சமாதானப்படுத்துகிற குரல் அது. லைன் அறுந்துவிட்டது. திரும்பப் போட்டேன். கடைக்காரர் ஹோல்ட் பண்ணச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்து வந்தார். பையன் போய்விட்டான், சொந்தக்காரர்களுக்குச் சொல்லப் போயிருக்கிறான், உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்தான் அம்மா என்று துக்கம் விசாரித்துவிட்டு வைத்தார். அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த ரிசீவரில் பேசவைத்திருப்பேன். தூக்குகிற நிலையில் அவள் இல்லை.

என்ன சொன்னால் அவன் நம்பியிருப்பான் என்று இன்றுவரை யோசிக்கிறேன். பேசுகிறாள் என்றேன், அதையும்தான் செத்தவர்களுக்குச் சொல்கிறார்கள். உன்னைக் கேட்கிறாள் என்றேன், அதுவும் அப்படியே. பந்தலுக்குக் கீழே ஆரஞ்சோடு நின்றவனிடம், உயிரோடு இருக்கிற ஒருத்தியைப் பற்றிச் சொல்ல எங்கள் பக்கத்தில் ஒரு வாக்கியம்கூட மிச்சம் வைக்கவில்லை. அத்தனையையும் சாவுக்கே செலவழித்துவிட்டார்கள். எனக்கு அந்த நல்லெண்ணத்தின் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அன்று சாயங்காலம் முழுக்க அக்கா, அவன் எங்கே வருகிறானாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பகலில் கிளம்பியிருந்தால் இருட்டுவதற்குள் தேனி வந்திருக்க வேண்டும். தாராபுரம் தாண்டியிருப்பான் என்றேன். ஒட்டன்சத்திரம் என்றேன். திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று அவனை என் வாயாலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன். கடைசியில் பெரியகுளம்வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டேன், அதற்கு மேல் சொல்ல ஊர் இல்லை. அவன் வரவில்லை.

மறுநாள் காலையில் அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டாள். அப்படியிருந்தும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னும் தாக்குப்புடிக்கிறேன்டி. உங்க கைடுல போட்டிருக்க மாதிரி.”

நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

தம்பி அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது பின்னால் கூட வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். செத்தவளுக்கு என்னவெல்லாம் செய்ய வேண்டுமோ அதையெல்லாம் செய்துகொண்டிருந்தான். சாவுக்குத் தனியாக ஓடமாட்டார்கள், சேர்ந்துதான் போவார்கள். திருப்பூரில் இருக்கிற சொந்தக்காரர்களை அறை அறையாகப் போய்க் கூட்டியிருக்கிறான். ஷிப்டில் இருந்த ஒருவருக்காகக் காத்திருந்து, வேன் பிடித்துக் கிளம்பியிருக்கிறார்கள். விடியும்போது திண்டுக்கல்லில் இறங்கி, ஜவுளிக்கடை திறக்கட்டும் என்று வாசலில் உட்கார்ந்திருக்கிறான். எதற்கென்றால் கோடி எடுக்க. கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும், யாரும் ஒரு தடவைகூட உடுத்தாததாக இருக்க வேண்டும், அதை அவள் மேல் போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அம்மாவுக்குப் பின்னால் எங்கள் அய்யாவும் போய்விட்ட பிறகு பிறந்த வீடு என்றால் தம்பிதான். கூட வந்தவர்கள் ஏதாவது ஒன்றை எடுடா, நேரமாகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் கேட்கவில்லை. சேலை சேலையாக விரிக்கச் சொல்லி, அவளுக்குப் பிடிக்கிற கத்திரிப்பூக் கலரைத் தேடியிருக்கிறான். கிடைக்கிறவரை கடையை விட்டு இறங்கவில்லை. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் ரோஜா மாலை கட்டி வாங்கியிருக்கிறான்.

சாவு வீடு ஆண்டிபட்டியில்தானே இருக்கும் என்று நேரே அங்கே போயிருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. அந்த இடத்திலாவது அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஆனால் பக்கத்து வீட்டம்மா வெளியே வந்து, வேனையும் மாலையையும் பார்த்துவிட்டு, நமக்கு முன்னால் இவர்களுக்குத் தகவல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ‘போயிட்டியா ஆத்தா’ என்று மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டது. இவர்களைப் பார்த்து அது அழ, அதைப் பார்த்து இவர்கள் அழ, தேனி ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருந்தது என்று அது சொல்ல, அங்கிருந்து தேனிக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் இன்னும் உடம்பைக் கொடுக்கவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டே வந்தார்களாம்.

நான் பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிக்கொண்டு வராந்தாவில் திரும்புகிறேன். வார்டு வாசலில் தம்பியின் முதுகு தெரிந்தது. தோளில் ரோஜா மாலை. கையில் ஜவுளிக்கடைப் பை. அவனுக்கு நேர் எதிரே, கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, அக்கா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனை அங்கேயே அறைய வேண்டும் என்றிருந்தது. அவன் கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது ஓடிவிட வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை, பிளாஸ்க்கை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவளும் எங்கள் ஊர்க்காரிதானே. மாலையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் போனில் என்ன சொல்லியிருப்பேன், அவன் அதை என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பான், ஏன் ஒரு ராத்திரி முழுக்க வரவில்லை, எல்லாம். அவன் அசையவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன், ஆரஞ்சோடு நின்றபோது இருந்த அதே முகம்.

“மாலைய வெளிய வச்சிட்டு வாடா” என்றாள் அக்கா. “பைய மட்டும் இங்கன கொண்டா.”

மாலையை நான்தான் அவன் தோளிலிருந்து எடுத்தேன். அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அழக்கூட இல்லை. அக்கா பையைத் தானே பிரித்தாள். சேலையைத் தடவிப் பார்த்தாள். கத்திரிப்பூக் கலர்டா, எனக்குப் பிடிச்சிருக்குடா என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, கட்டிவிடு என்றாள்.

பக்கத்தில் நின்ற அவள் மாமியாருக்குத் தாங்கவில்லை. நல்ல மனுஷி, தடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை, வாய் தவறி வந்துவிட்டது.

“ஆத்தா, அது கோடியா எடுத்ததாச்சே.”

“ஒருக்க உடுத்திட்டா கோடி இல்லைல்ல அத்தை. எந்தம்பி எடுத்துக் குடுத்த சேலை.”

அப்படியானால் பின்னால் வேறு ஒன்று எடுக்க வேண்டியிருக்குமே என்று வேனில் வந்தவர்களில் ஒருவர் முணுமுணுத்தார். அது அக்கா காதில் விழுந்துவிட்டது. எடுக்கட்டும், அதை நானா பார்க்கப்போகிறேன் என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கப்போக, இருமல் பிடித்துக்கொண்டது.

ஆண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு நானும் அத்தையும் கட்டினோம். எழுப்பி நிறுத்த முடியாது. உட்கார்ந்தபடியே நைட்டிக்கு மேல் சுற்றினோம். கொசுவம் வைக்க வரவில்லை, சும்மா சேர்த்துச் செருகினேன். புதுச்சேலையின் கஞ்சி மொடமொடவென்று சத்தம் போட்டது. வீங்கின வயிற்றுக்கு மேல் அது நிற்கவே மாட்டேன் என்றது. முந்தானையை நல்லா நீளமா விடு என்று அக்கா சொன்னாள். கட்டிலுக்குப் பக்கவாட்டில் தரைவரை தொங்கவிட்டேன்.

தம்பியைக் கூப்பிட்டாள். அவன் வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்தான் போலிருக்கிறது, வாய் கோணிக்கொண்டு போயிற்று. அவள் சொல்ல விடவில்லை.

“அன்னைக்கு அம்மாவுக்கு ஆரஞ்சு கொண்டாந்த, அது அம்மாவுக்குச் சேரல. இது எனக்குச் சேந்திருச்சுல்லடா. நான்தான் கட்டிக்கிட்டேன்ல.”

அப்போதுதான் அவன் அழுதான். தொங்கிக்கொண்டிருந்த முந்தானையின் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அதில் முகத்தை வைத்து அழுதான். இருபது வயசைத் தாண்டியவன், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்கு உதவியாக இருக்கிறவன், மீசை வைத்தவன். கேலி செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

அன்று முழுக்க அக்கா அந்தச் சேலையோடுதான் இருந்தாள். சுற்று வந்த நர்ஸ்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். தம்பி எடுத்துக் கொடுத்தது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சொல்லுகிற ஒவ்வொரு தடவையும் மூச்சு செலவாயிற்று, ஆனாலும் சொன்னாள். அவன் காதில் அது விழ வேண்டும் என்றுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன். என்னிடம் பரீட்சை எப்போது என்று கேட்டாள். அடுத்த மாதம் என்றேன். ஹோல்ட் வருமா என்று கேட்டாள். வரும் என்றேன். போய் எழுதினேன்; வரவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு முன்னால், மச்சான் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தபோது, அவள் மூச்சை இழுத்தாள், விட்டாள். அடுத்த மூச்சை இழுக்கவில்லை. நான் அடுத்ததற்காகக் காத்திருந்தேன். டாக்டரம்மா வந்து பார்த்தார், கண்ணை மூடினார், வெளியே போனார். ஆட்கள் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தார்கள். அக்காவைத் தூக்க முடியவில்லை. முந்தானை தம்பி கையில் இருந்தது. சாப்பிட எழுந்த நேரம் போக, முதல் நாளிலிருந்து அது அவன் கையில்தான் இருந்தது.

அத்தை கெஞ்சிப் பார்த்தார். வேனில் வந்தவர்கள் அவன் விரலைப் பிரித்துப் பார்த்தார்கள். ‘கொஞ்சம் அங்கிட்டு வா, அக்காவை வேற ரூமுக்கு மாத்துறாக’ என்று ஒருவர் சொன்னார். செத்த பிறகும் விடவில்லை பாருங்கள், அவன் கண் முன்னாலேயே செத்தவளுக்கும் ஒரு நல்ல பொய். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எல்லாரையும் விலக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் சொல்லியிராததை அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“தம்பி, அக்கா செத்துப்போயிட்டாடா. விடு.”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். உயிரோடு இருக்கிறாள், இருக்கிறாள் என்று சத்தியம் பண்ணிச் சொன்னபோது நான் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட நம்பாதவன், இதை ஒரே தடவையில் நம்பிவிட்டான். விரல்களைப் பிரித்து, விட்டுவிட்டான்.